தக்காளி நாற்று: பாத்தியில் விடுவதா, குழித்தட்டில் வளர்ப்பதா, பண்ணையில் வாங்குவதா?

தக்காளி நடவுக்கு நிலத்தை ஒதுக்கிய விவசாயி, எந்த ரகம் என்று முடிவு செய்த கையோடு நாற்றுக்கு என்ன வழி என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும், ஒட்டன்சத்திரம், உடுமலைப்பேட்டை சுற்றுவட்டாரத்திலும் இன்று மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன: சொந்த நிலத்தில் மேட்டுப்பாத்தி போட்டு நாற்று விடுவது, நிழல்வலைக் குடிலுக்குள் குழித்தட்டில் வளர்த்துக்கொள்வது, நாற்றுப்பண்ணையில் சொல்லிவைத்து வாங்கிக்கொள்வது. கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று என்ற நான்காவது வழியும் இப்போது சேர்ந்திருக்கிறது. ஒரு நாற்றுக்கு எவ்வளவு பணம் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் இந்தப் பேச்சு தொடங்குகிறது, அங்கேயே முடிந்தும்விடுகிறது. நிலப்போர்வை, சொட்டுநீர்க் குழாய், ஊன்றுகோல், கட்டுக்கூலி, மருந்து, பறிப்புக்கூலி என்று ஓர் ஏக்கர் தக்காளிக்கு ஆகும் செலவில் நாற்றின் பங்கு மிகச் சிறியது. ஆனால் மற்றச் செலவெல்லாம் பலிக்குமா என்பது, விதைத்த நாளிலிருந்து முதல் 25 நாட்கள் அந்த நாற்று எங்கே, யார் கண்காணிப்பில் இருந்தது என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆகவே விலையைக் கடைசியில் வைத்துக்கொண்டு, அந்த 25 நாட்களை அளவுகோலாகக் கொண்டு இந்த வழிகளை ஒப்பிடுவதே முறை என்று கருதுகிறேன்.

நல்ல நாற்று எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஒரு சாணைத் தாண்டிய உயரமும் கரும்பச்சை இலையும் கொண்ட நாற்று பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அது வெளிச்சம் போதாத இடத்தில், நெருக்கத்தில், தழைச்சத்து மிகுந்து வளர்ந்த நாற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நடவுக்கு ஏற்ற நாற்று 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில், நான்கைந்து இலைகளுடன், கணுவிடை குறுகி, விரலால் தட்டினால் சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். முதலில் விரிந்த வித்திலைகள் இரண்டும் உதிராமல் பச்சையாகவே இருந்தால், அந்த நாற்று ஒரு நாளும் தண்ணீருக்கோ சத்துக்கோ ஏங்கவில்லை என்று அறியலாம். அடித்தண்டில் லேசான ஊதா ஓடியிருப்பது வெயில் கண்டு தேறியதற்கு அடையாளம். அதே ஊதா இலையின் அடிப்பக்கம் முழுவதும் பரவியிருந்தால் மணிச்சத்துக் குறைவு என்று கொள்ள வேண்டும். நுனியில் பூமொட்டு தெரிகிற நாற்று வயது முதிர்ந்தது. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தக்காளியில் பெரிய இழப்பைத் தருவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இலைச்சுருள் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ நாற்றங்காலிலேயே நாற்றின் சாற்றை உறிஞ்சிவிட்டால், நோயின் அறிகுறி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வெளிப்படும். அதற்குள் நாற்றை நட்டு, முதல் உரமும் வைத்து முடித்திருப்போம். இளம் வயதில் நோய் தொற்றிய செடி குறுகி, இலைகள் சுருண்டு, பூத்த பூவும் உதிர்ந்து, ஏறக்குறைய காயே பிடிக்காமல் நின்றுவிடும். காய்ப்புக்கு வந்த பிறகு தொற்றிய செடியோ ஓரளவு விளைச்சலைக் கொடுத்துவிட்டுத்தான் ஓயும். தொற்றிய செடியிலிருந்து வைரஸை நீக்கும் மருந்து எதுவும் கிடையாது. ஆக, கையில் இருக்கும் நாற்றை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் வைரஸ் ஏறியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அது வளர்ந்த இடத்தில் வெள்ளை ஈ நுழைய வழி இருந்ததா என்று மட்டுமே பார்க்க முடியும். சொந்தமாக வளர்ப்பதற்கும் வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எடைபோடும்போது இதை மறந்துவிடலாகாது.

மேட்டுப்பாத்தி

பரம்பரையாகப் பழகிய வழி இது. ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம், நிலத்தின் வசதிக்கு ஏற்ற நீளம் என்று பாத்தி எடுத்து, மக்கிய தொழுவுரம் கலந்து, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு கிழித்து, விதையைத் தூவி, மணலால் மூடிப் பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள். கையிலிருந்து பணம் அதிகம் இறங்காது. வேண்டிய பொருள்கள் எல்லாம் வீட்டிலும் கொல்லையிலும் இருப்பவைதான்.

ஆனால் விதைக் கணக்கைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, சாதாரண ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 300 முதல் 350 கிராம் விதை, இரு ரகங்களைக் கலந்து உருவாக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கு 100 முதல் 150 கிராம் என்கிறது. ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறக்குறைய 300 விதைகள் இருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். சாதாரண ரகத்துக்கு ஏக்கருக்கு 130 கிராம் என்று வைத்தால், பாத்தியில் விழுவது சுமார் 39,000 விதை. 60 க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நிலத்தில் நிற்கப்போவதோ 15,000 செடி. மீதமுள்ளவை முளைக்காமல் போனவை, அழுகலில் சாய்ந்தவை, நெருக்கத்தில் நலிந்தவை, பறிக்கும்போது வேர் அறுந்தவை. பிகேஎம் 1 போன்ற ரகத்தில், நம் தோட்டத்துப் பழத்திலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம் என்னும்போது இந்தச் சேதாரம் ஒரு பொருட்டல்ல. பெரியகுளத்தில், அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கப்பட்ட அந்த ரகத்துக்கு இன்றும் மேட்டுப்பாத்தியே போதும் என்பேன். பத்து கிராம் பொட்டலமாக விலை கொடுத்து வாங்கும் வீரிய ஒட்டு விதையை அதே கைவீச்சில் பாத்தியில் தூவுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அடுத்தது நாற்றழுகல். பித்தியம் முதலான மண்வழிப் பூஞ்சைகளால் வரும் இந்த நோய், ஈரம் தேங்கிய, நெருக்கமான பாத்தியை ஓரிரு இரவில் காலி செய்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியின் நடுவே ஒரு முறத்தளவு நாற்று சாய்ந்து கிடக்கும். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் இலை இன்னும் பச்சையாக இருக்க, மண்மட்டத்தில் மட்டும் தண்டு வெந்த கீரைத்தண்டுபோல் குழைந்து நூலாக இளைத்திருக்கும். ஒரே இடத்தில் ஆண்டுதோறும் நாற்று விடுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பங்குனி, சித்திரை வெயிலில் பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவைத்தால் மேல்மண்ணில் உள்ள பூஞ்சையும் களைவிதையும் பெருமளவு அடங்கும். விதைப்பை மெல்லியதாக்குவதும், மாலையில் தண்ணீர் விடாமல் காலையில் மட்டும் விடுவதும், சாயத் தொடங்கிய இடத்தில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேர் நனைய ஊற்றுவதும் மற்ற வழிகள். வேர்முடிச்சு நூற்புழு இதைவிடத் தந்திரமானது; பாத்தி மண்ணில் அது இருந்தால் நாற்று மேலே செழிப்பாகவே தெரியும், வேரில் மட்டும் கடுகு அளவு முடிச்சுகள் இருக்கும், அந்த நாற்றை நடும்போது புழுவையும் சேர்த்து நிலம் முழுக்க விதைத்தவர்களாகிறோம். எனவே பாத்தி நாற்றைப் பறிக்கும் அன்று, பத்திருபது நாற்றின் வேரைத் தண்ணீரில் அலசிப் பார்ப்பது அவசியம்.

வெள்ளை ஈயைத் தடுக்க, மூங்கில் பிளாச்சையோ வளைத்த குழாயையோ பாத்தியின் குறுக்கே ஊன்றி, அதன்மேல் நைலான் வலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைக்கலாம். விதைத்த அன்றே மூடிவிட வேண்டும். நாற்று முளைத்து ஈ வந்த பிறகு மூடினால் ஈக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். களை எடுக்க ஒவ்வொரு முறையும் வலையைத் தூக்க வேண்டியிருப்பது இதன் குறை. தண்ணீரை வலைக்கு வெளியிலிருந்தே பூவாளியால் விட்டுவிடலாம்.

பாத்தி நாற்றை வெறும் வேரோடு பறித்து நடுவதால், புதிய வேர் விடும்வரை அது சில நாட்கள் வாடி நிற்கும். இதைப் பெரிய குறையாகச் சொல்வது வழக்கம். ஆனால் பாத்திக்கு ஒரு பலம் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: அது காத்திருக்கும். 25 நாளில் நட வேண்டிய நாற்றை, மழை தள்ளிப்போனதாலோ உழவு தாமதமானதாலோ 32, 33 நாள் வரை வைத்திருந்தாலும் பாத்தியின் ஆழமான மண்ணில் வேர் ஓடிக்கொண்டே இருப்பதால் நாற்று அவ்வளவாகக் கெடாது. குழித்தட்டில் அந்தப் பொறுமை கிடையாது. மழையை நம்பி நடுகிற மானாவாரித் தக்காளிக்கு, நடவு நாளை வானம் முடிவு செய்கிற இடத்தில், பாத்தியே தோதான வழி என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

குழித்தட்டு

வீரிய ஒட்டு ரகம் பரவியதோடு பரவியது குழித்தட்டு. 98 குழி கொண்ட தட்டில் குழிக்கு ஒரு விதை. மண்ணுக்குப் பதில் பதப்படுத்திய தென்னை நார்க்கழிவு. பல்கலைக்கழகக் கணக்குப்படி, இரண்டிரண்டு வரிசையாக, 60 க்கு 45 இடைவெளியைவிடத் தள்ளி நடும் இணைவரிசை முறையில் ஒரு ஹெக்டேருக்கு 23,334 நாற்று தேவை. அதற்கு 238 தட்டு. 300 கிலோ நார்க்கழிவுடன் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் ஒவ்வொன்றும் ஒரு கிலோவும் கலந்து நிரப்ப வேண்டும். தட்டு ஒன்றுக்குச் சுமார் 1.2 கிலோ பிடிக்கும். ஆனால் 238ஐ 98ஆல் பெருக்கினால் 23,324 தான் வருகிறது. முளைக்காத குழிக்கும் தேறாத நாற்றுக்கும் அதில் இடமே இல்லை. இந்தியாவில் சான்று பெற்ற தக்காளி விதைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். நல்ல நிறுவன விதை அதைவிடக் கூடுதலாகவே முளைக்கும் என்றாலும், ஏக்கருக்கு 96 தட்டு என்று கணக்கில் வருவதை 110 தட்டாகப் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். அதற்கு 10,780 விதை, அதாவது 36 கிராம் அளவு, போதும். பாத்தியின் 39,000 விதையோடு இதை ஒப்பிட்டால், விலை உயர்ந்த விதைக்குத் தட்டு எப்படித் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்கிறது என்பது விளங்கும்.

தட்டில் வளர்ந்த நாற்றின் வேர், நார்க்கழிவு உருண்டையோடு சேர்ந்து முழுதாக வெளியே வருகிறது. நட்ட மறுநாளே அது நிலத்தில் பிடிமானம் கொள்ளும். பாத்தி நாற்றுபோல் வாடிக் கிடக்காது. எல்லாச் செடியும் ஒரே சீராக வளர்வதால் மருந்தும் உரமும் ஒரே நேரத்தில் கொடுக்க முடிகிறது. முதல் பறிப்பும் ஒன்றாக வருகிறது. மண்ணே இல்லாததால், நார்க்கழிவும் தட்டும் சுத்தமாக இருக்கும்வரை, மண்வழி நோயும் நூற்புழுவும் பெருமளவு ஒதுங்கிவிடுகின்றன.

இத்தனை நன்மையும் குடிலும் ஆளும் சரியாக இருந்தால்தான். ஒரு ஹெக்டேர் நாற்றுக்கு 3 சென்ட் இடத்தில், 50 சதவீத நிழல்வலை மேலேயும், அங்குலத்துக்கு 40 அல்லது 50 கண் உள்ள நைலான் வலை பக்கங்களிலும் வேண்டும் என்பது பரிந்துரை. ஏக்கருக்கு ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல். வெள்ளை ஈ ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள பூச்சி என்பதால் 50 கண் வலையே நம்பகமானது; கண் சிறுத்தால் காற்றோட்டம் குறைந்து உள்ளே புழுங்கும் என்பதை அறிந்து, குடிலைத் தாழ்வாக அமைக்காமல் இருக்க வேண்டும். வலையைவிட வாசல் முக்கியம். ஒற்றைக் கதவு உள்ள குடிலில், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈ உள்ளே வருகிறது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வைத்து, ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்கும் பழக்கம் வேண்டும். உள்ளே இரண்டொரு மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிட்டால், ஈ நுழைந்துவிட்டதா என்பதை அது சொல்லிவிடும்.

குழித்தட்டு முறையில் நாற்று கெடுவதற்கு மூன்று சந்தர்ப்பங்கள் உண்டு. முதலாவது, விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடிவைக்கும் நாட்கள். ஆறு நாள் கழித்துப் பிரித்து வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகப் பரிந்துரையில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. கோடையில் நான்காம் நாளே முளை தலைகாட்டிவிடும். நான்காம் நாளிலிருந்து காலையும் மாலையும் அடுக்கின் நடுவில் உள்ள தட்டை உருவிப் பார்த்து, அங்கங்கே வெள்ளை வளைவு தெரிந்த உடனேயே பரப்பிவிட வேண்டும். ஒரு நாள் தவறினால் இருட்டில் தண்டு நீண்டு வெளுத்துவிடும். அந்த நாற்று பிறகு எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் தடித்து நிற்காது. அடுக்கியிருக்கும்போது சூடு 35 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் நிழலில் வைப்பதும் முக்கியம், அதற்கு மேல் தக்காளி விதையின் முளைப்பு சரிகிறது.

இரண்டாவது, நார்க்கழிவு. கழுவிப் பதப்படுத்தாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். நாற்று முளைத்த வாரத்திலேயே இலை ஓரம் கருகி, வளர்ச்சி நின்றுவிட்டால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கட்டியாக வாங்கியதை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, மறுபடியும் கழுவிப் பயன்படுத்தினால் தொல்லை குறையும். நிரப்பும்போது ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் அதிகம், கசியாவிட்டால் போதாது. நார்க்கழிவில் சத்து மிகக் குறைவு என்பதால் 18 ஆம் நாளில் லிட்டருக்கு 5 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். நாற்று சிறிதாக இருக்கிறதே என்று அதை மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றுபவர்கள் கண்ணுக்கு அழகான, நிலத்தில் நிற்காத நாற்றை வளர்க்கிறார்கள்.

மூன்றாவதும் முக்கியமானதும் தண்ணீர். குழி சிறிது, அதில் தங்கும் ஈரமும் சிறிது. தட்டின் ஓரக் குழிகள் நடுக்குழிகளைவிட முன்னதாகக் காய்ந்துவிடும் என்பதால், பூவாளியை நடுவில் காட்டிவிட்டுப் போகாமல் ஓரத்துக்குத் தனியே ஒரு சுற்று காட்ட வேண்டும். வெயில் நாளில் இரண்டு வேளை தெளிப்பு தவறக் கூடாது. வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்று ஒரு பகல் எல்லாரும் வெளியூர் போனால், 110 தட்டும் அன்று மாலைக்குள் தலை சாய்ந்துவிடும். ஆகவே சொந்தமாகக் குழித்தட்டு போடலாமா என்ற கேள்விக்கு, 25 நாளும் காலையும் மாலையும் குடிலுக்குள் போகக்கூடிய ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் பதில். அவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாக இருக்கிறார் என்பதையும், நாற்றுச் செலவைக் கணக்குப் போடும்போது அவருடைய உழைப்பைக் கூலியாக யாரும் எழுதுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்தால், ஒரே ஓர் ஏக்கருக்காக ஒரே ஒரு பருவம் மட்டும் குடில் போடுவது விலைக்கு வாங்குவதைவிட மலிவு என்று சொல்ல முடியாது. தக்காளிக்குப் பிறகு மிளகாய், கத்தரி, பூக்கோசு என்று ஆண்டில் இரண்டு மூன்று முறை அதே குடிலும் தட்டும் பயன்பட்டால்தான் கணக்கு நேராகிறது.

நாற்றுப்பண்ணையில் வாங்குவது

பெரும்பாலானோர் இன்று இந்த வழிக்கு வந்துவிட்டார்கள்; அதில் தவறும் இல்லை. முளைப்புக் குறைவு, அழுகல், ஆள் இல்லாமை என்ற அபாயம் எல்லாம் பண்ணைக்காரர் தலையில் போய்விடுகிறது. தேறிய நாற்றுக்கு மட்டும் நாம் பணம் கொடுக்கிறோம். விதையோடு சேர்த்து நாற்று ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்குப் பத்தாயிரத்தை ஒட்டித்தான் ஆகும். ஆனால் அந்த 25 நாட்களை முழுக்க இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம் என்பதால், கவனம் நாற்றின் மேல் இருப்பதைவிடப் பண்ணையின் மேல் இருக்க வேண்டும்.

சொல்லிவைப்பதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. வலை எங்காவது கிழிந்து கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறதா, கதவு பகல் முழுவதும் திறந்தே கிடக்கிறதா, குடிலைச் சுற்றிக் களை மண்டியிருக்கிறதா, பக்கத்து வயலில் முதிர்ந்த தக்காளியோ கத்தரியோ நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இலைச்சுருள் வந்த பழைய தக்காளி வயலுக்கு அருகில், கதவு திறந்து கிடக்கும் குடிலில் வளர்ந்த நாற்று எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடலாம். 2014 இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தக்காளி ஊசிப்புழுவும் நாற்றோடு பயணம் செய்யக்கூடியது. இலையின் தோலுக்கு அடியில் அகலமான வெளிறிய திட்டு தெரிந்தால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு தட்டு. நடுவிலிருந்து ஒரு நாற்றை உருவ அனுமதி கேளுங்கள். மறுக்கும் பண்ணையில் வாங்க வேண்டாம். வேருருண்டை உடையாமல், வெள்ளை வேர்கள் சுற்றிலும் படர்ந்து, ஆனால் நார்க்கழிவு இன்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தால் சரியான பருவம். வேர் பழுப்பாக இருந்தால் தண்ணீர் அதிகம். குழியின் அடியில் வேர் தடித்து வட்டமாகச் சுருண்டிருந்தால் வயது தாண்டிவிட்டது. விற்காமல் தங்கிய நாற்றை, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளித்துக் குட்டையாக நிறுத்திவைப்பதும் நடக்கிறது. அத்தகைய நாற்று தண்டு தடித்து, இலை சிறுத்து, அளவுக்கு மீறிய கரும்பச்சையாக இருக்கும். நட்ட பிறகும் சில வாரம் எழும்பாது. உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல், விதைத்த தேதி என்ன என்று கேட்டு, தட்டு அடுக்கின் மேல் எழுதிவைத்திருக்கும் அட்டையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அப்படி அட்டையே வைக்காத பண்ணையில் தேதியைக் கேட்டுப் பயனில்லை.

ரகத்தைப் பற்றிய சந்தேகம் இதைவிடப் பெரியது. நாற்றைப் பார்த்து எந்த நிறுவனத்தின் எந்த வீரிய ஒட்டு என்று யாராலும் சொல்ல முடியாது. காய்த்த பிறகுதான் தெரியும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அதுபோல் விலை எகிறும் சமயங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் நாற்றுக்கு அலைவார்கள். கேட்ட ரகம் இல்லாமல், இருக்கிற ரகம் கேட்ட ரகமாவது அப்போதுதான். இதற்கு ஒரு நல்ல தீர்வு உண்டு. விதையை நாமே உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கி, பண்ணையில் கொடுத்து, வளர்ப்புக்கூலி மட்டும் கொடுத்து நாற்றாகத் திரும்பப் பெறலாம். பல பண்ணைகள் இதை ஒத்துக்கொள்கின்றன. எந்த விதைத் தொகுதி என்று காட்டும் குவியல் எண் அச்சிட்ட காலிப் பொட்டலத்தையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருந்தால், விதையில் குறை என்றால் கேட்பதற்கும் ஆதாரம் இருக்கும். இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கக்கூடிய, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்‌ஷக் போன்ற குறிப்பிட்ட வீரிய ஒட்டு ரகம்தான் வேண்டும் என்று இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டைத்தான் பரிந்துரைப்பேன். அரசுத் தரப்பில், திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் ஒத்துழைப்போடு அமைந்த காய்கறி மகத்துவ மையத்திலும் குழித்தட்டு நாற்று உற்பத்தி செய்கிறார்கள். அருகில் இருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தால், நல்ல குடில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

வண்டியில் ஏற்றிவருவது சின்ன விஷயமாகத் தெரியும். நிழலில் வளர்ந்த நாற்றைத் திறந்த வண்டியில் நடுப்பகலில் கொண்டுவந்தால் காற்றிலேயே இலை வதங்கிவிடும். மாலையில் ஏற்றி, வந்தவுடன் நட்டுவிடாமல், நம் தோட்டத்து மரநிழலில் இரண்டு நாள் வைத்துச் சிறிது சிறிதாக வெயில் காட்டிய பிறகு நடுவது நல்லது. அந்த இரண்டு நாளும் மெல்லிய வலையால் மூடிவைக்காவிட்டால், பண்ணையில் காத்ததெல்லாம் வீட்டு வாசலில் வீணாகும்.

ஒட்டு நாற்று

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனெனில் தேவைப்படுவோர் சிலரே. நன்றாக இருந்த செடி, இலை மஞ்சளாகாமலே ஒரே நாளில் வாடி, தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற திரவம் இழையாக இறங்குகிறது என்றால் அது பாக்டீரியா வாடல். அந்த நிலத்தில் சாதாரண நாற்று எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. தைவானில் தலைமையகம் கொண்ட உலகக் காய்கறி மையம், வாடலையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும் கத்தரி வேர்ச்செடிகளின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைப் பரிந்துரைத்துவருகிறது. இரண்டு விதை, இரண்டு நாற்று, கிளிப், ஒட்டுக்கூடுவதற்கு ஈரப்பதம் நிறைந்த அறை என்று வேலை கூடுவதால் விலை சாதாரண நாற்றைப்போல் பல மடங்கு ஆகும். வாடல் இல்லாத நிலத்துக்கு அந்தச் செலவு வீண். வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: சாதாரணத் தக்காளி நாற்றைத் தண்டு சிறிது புதையும்படி ஆழமாக நட்டால் தண்டிலும் வேர்விட்டு வலுப்படும், ஒட்டு நாற்றையோ ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரியும்படி நட வேண்டும். புதைந்தால் தக்காளித் தண்டே வேர்விட்டு, கொடுத்த பணமெல்லாம் மண்ணுக்குள் போய்விடும்.

எதை எப்போது

கால் ஏக்கர், அரை ஏக்கரில் பிகேஎம் 1 போன்ற ரகத்தை மழையை எதிர்பார்த்து நடுபவர், வலை போர்த்திய மேட்டுப்பாத்தியை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. இடத்தை மட்டும் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளட்டும். சொட்டுநீரில் ஓர் ஏக்கர் வீரிய ஒட்டு நடுபவர், அதுவும் ஆண்டுக்கு ஒரே பருவம் என்றால், தம்முடைய விதையைக் கொடுத்துப் பண்ணையில் வளர்த்து வாங்குவதே மேல். இரண்டு மூன்று ஏக்கரில் பருவம் மாற்றி மாற்றிக் காய்கறி செய்பவரும், வீட்டில் காலை மாலை குடிலைப் பார்க்க ஆள் உள்ளவரும் சொந்தக் குடில் போடலாம். இவர்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம், நடவு நாளுக்கு ஏற்ப விதைப்பு நாளைத் தாங்களே வைத்துக்கொள்ள முடிவதுதான். பத்து ஏக்கர் நடுபவர் எப்படியும் இரண்டு பண்ணையில் பிரித்துச் சொல்லிவைப்பது நல்லது. ஒன்றில் கோளாறு என்றால் மொத்த நடவும் நிற்காது.

விதையைப் பொறுத்த ஒரு விஷயம் எல்லா வழிக்கும் பொது. சொந்த விதையானால் விதைப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் நோய்ப்பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோவுக்கு 4 கிராம் அல்லது சூடோமோனாஸை 10 கிராம் என்ற அளவில் கலந்துவைக்க வேண்டும். கடையில் வாங்கிய விதை சிவப்பாகவோ பச்சையாகவோ நிறமேறியிருந்தால் பூஞ்சைக்கொல்லி ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும். அதன்மேல் டிரைக்கோடெர்மாவைத் தடவுவது காசைக் கரைப்பதே.

தேதியைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட வேண்டும். முதலில் உழவு, பாத்தி, சொட்டுநீர்க் குழாய், நிலப்போர்வை எல்லாம் முடிந்து நிலம் என்றைக்குத் தயாராகும் என்று உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து 25 நாள் முன்னால் விதைப்பை வைக்க வேண்டும். பண்ணையில் முன்பணம் கொடுக்கும்போது ரகம், எண்ணிக்கை, விதைக்கும் தேதி, எடுத்துச்செல்லும் தேதி நான்கையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, நட்ட ஏழாம் நாள், செடி செத்த இடங்களை நிரப்புவதற்காக ஏக்கருக்கு ஐந்து தட்டு கூடுதலாகச் சொல்லிவைத்துவிடலாம்.